புதிய ஊரில் ஒரு சபை எப்போது நம்முடைய சபையாகிறது?

கேள்வி: தேரிக்காட்டு ஆசிரியை

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு என் ஸ்தோத்திரங்கள்.

நான் சாத்தான்குளம் வட்டாரத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்த பிறகு மகன் வீட்டோடு இருந்துவிடலாம் என்று தாம்பரம் பக்கம் வந்தேன். மகனும் மருமகளும் என்னை நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து திரும்பும்போதெல்லாம், போன இடத்தில் ஒருவரையும் பார்க்காமல் வந்துவிட்டதைப் போன்ற வெறுமை மனத்தை அழுத்துகிறது. அதைப் பற்றிக் கேட்கவே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க் கோயிலில் எல்லோரும் பாயில்தான் உட்காருவோம். சோறு பொங்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிச் சட்டியில் போட்டுவைத்து, அது நிறைந்ததும் பிடி அரிசிக் காணிக்கையாகக் கோயிலில் சேர்ப்போம். டிசம்பர் மாதப் பனியில் விடியுமுன் பஜனை பாடிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்காக ஏதாவது ஒரு வீட்டில் கருப்பட்டிக் காப்பி கொதித்துக்கொண்டிருக்கும். துக்க மணி அடித்தால், அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு, யார் வீட்டில் என்று கேட்டபடி தெருவுக்கு வந்துவிடுவோம். கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையில் அசனம் என்னும் பொதுவிருந்து நடக்கும்போது ஆடு கொடுப்பவர், அரிசி கொடுப்பவர், விறகு கொடுப்பவர், எதுவும் கொடுக்க இயலாததால் இரவெல்லாம் உட்கார்ந்து தேங்காய் துருவுபவர் என்று ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு உண்டு. அக்கம்பக்கத்து இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து எங்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போவார்கள். என் கணவர் இறந்த வாரத்தில் எங்கள் வீட்டில் உலை ஏறவில்லை. வேளை தவறாமல் சாப்பாடு வந்தது. எந்த வேளைக்கு எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது.

இங்கே நான் போகும் கோயில் பெரியது. ஞாயிறன்று பல ஆராதனைகள் நடக்கின்றன. பாடல்கள் திரையில் ஓடுகின்றன. பாடகர் குழு அருமையாகப் பாடுகிறது. பிரசங்கத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாசலில் இளைஞர்கள் கைகூப்பி வரவேற்கிறார்கள். முதல்முறை போனபோது புதிதாக வந்தவர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள், சபையார் கைதட்டினார்கள், நான் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு என் பெயரை யாரும் கேட்கவில்லை. இடையில் காய்ச்சலும் மூட்டுவலியுமாகச் சில வாரங்கள் போகாமல் இருந்தபோதும், திரும்பிப் போனபோது நான் வராமல் இருந்தது ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவரவர் பாடு அவரவர்க்கு. அடுத்த ஆராதனைக்கு ஆட்கள் வந்து நிற்கும்போது பேசுவதற்கு நேரமும் இல்லை.

நான் கேட்பது இதுதான்: இந்த வயதில், இந்த ஊரில், ஒரு சபை எப்படி என்னுடைய சபையாகும்? அதற்கு நான் செய்ய வேண்டியது என்ன, சபை செய்ய வேண்டியது என்ன? இதே நிலையைக் கடந்து வந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: மடிப்பாக்கம் சகோதரி

ஆசிரியை அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தபோது பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எங்களோடு இருக்கும் சிலருடைய முகங்கள் நினைவுக்கு வந்தன. நீங்கள் ஒருவர் மட்டும் இப்படி இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். வந்து நெடுங்காலம்வரை எங்கள் சபையில் எனக்கு இருந்த அடையாளம், இன்னாருடைய மனைவி என்பது மட்டுமே. 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில்தான் அது மாறியது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் தண்ணீர் ஏறியபோது பல இடங்களில் கோயில்களும் மசூதிகளும் கல்யாண மண்டபங்களும் மக்கள் தங்குவதற்காகத் திறந்துவிடப்பட்டன. எங்கள் கோயில் கூடத்தையும் திறந்தார்கள். மின்சாரம் இல்லை, செல்பேசியும் வேலை செய்யவில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வெங்காயம் உரிக்க ஆள் வேண்டும் என்றார்கள், போய் உட்கார்ந்தேன். எனக்கு எதிரே உட்கார்ந்து உரித்தவர், பல காலமாக எனக்கு முன்வரிசையில் உட்காரும் ஒரு மூதாட்டி. அவருடைய முதுகும் கொண்டையும் எனக்கு நன்றாகத் தெரியும். முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். கண்ணில் நீர் வழிய உரித்துக்கொண்டே, அவர் தம் மகளைப் பறிகொடுத்த கதையைச் சொன்னார். விடியும்போது எனக்கு அந்தச் சபையில் ஓர் அம்மா கிடைத்திருந்தார். தங்க வந்திருந்த இந்துக் குடும்பத்துப் பெண் ஒருவர் தாமாகவே வந்து எங்களோடு சாம்பாருக்குக் காய் நறுக்கினார். அவர் இன்றும் கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டுக்கு வருவார்.

ஒரே வேலையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்போது பேச்சு தானாக வருகிறது. வாசலில் நின்று சொல்லும் வணக்கத்தால் அது வருவதில்லை. உங்கள் ஊர் அசனத்தைப் பற்றி நீங்களே அதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். கொடுக்க எதுவும் இல்லாதவருக்குக்கூட அங்கே தேங்காய் துருவும் பங்கு இருந்தது. இங்கே உங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் குறை சபையினுடையது. ஆனாலும் அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம், அம்மா.

நடைமுறையில் சொல்கிறேன். பெரிய சபைகளில் ஞாயிறு ஆராதனைக் கூட்டத்தில் யாரும் யாரையும் அறிந்துகொள்வதில்லை. பகுதி ஜெபக்குழு, பெண்கள் ஐக்கிய சங்கம், பிள்ளைகளுக்கு ஞாயிறன்று நடக்கும் ஓய்வுநாள் பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி போன்ற சிறிய கூட்டங்களில்தான் ஒருவரையொருவர் அறிகிறார்கள். அதிகாலை ஆராதனைக்குப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் வயதானவர்கள் வருவார்கள், வாராவாரம் அதே முகங்கள் இருக்கும், முடிந்ததும் அவசரப்படாமல் மரத்தடியில் நின்று பேசுவார்கள். நீங்கள் ஆசிரியை என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நகரத்துப் பிள்ளைகள் பலருக்குத் தமிழில் வேதாகமம் வாசிக்க வரவில்லை. ஓய்வுநாள் பள்ளி நடத்துபவர்களிடம், பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லித் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் உங்களை விடமாட்டார்கள்.

தேரிக்காட்டு ஆசிரியை

மிகவும் நன்றி, மகளே. ஓய்வுநாள் பள்ளி என்று நீங்கள் சொன்னதுமே மனத்தில் ஒரு தெம்பு வந்தது. ஆனால் ஒரு தயக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களாக இருந்தாலும், நல்ல காரியங்களில் கணவரை இழந்தவர்கள் முன்னுக்கு வருவதில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், நாமே ஒதுங்கிக்கொள்வோம். அண்மையில் மகனுடைய நண்பர் வீட்டு நிச்சயதார்த்தத்தில் பெண்ணுக்குப் பூ வைக்க அழைத்தபோதும் நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். இந்தக் கூச்சத்தோடு ஒரு புதிய சபையில் பொறுப்பு கேட்டுப் போவது எனக்கு எளிதாக இல்லை.

பதில்: ஓய்வுபெற்ற குருவானவர், பாளையங்கோட்டை

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் எந்தச் சபைப் பாரம்பரியத்திலிருந்து வருகிறீர்களோ, அதன் தொடக்கத்திலேயே கணவரை இழந்த ஒரு பெண் நிற்கிறார் என்பதை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். தஞ்சாவூரைச் சேர்ந்த மராத்திப் பிராமண விதவையான குளோரிந்தா, பிறந்த சமுதாயத்தால் விலக்கப்பட்டு, லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் ஆதரவில் வாழ்ந்தவர். கிறிஸ்தவ உபதேசத்தை அவரிடமே கற்று, ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டபோது, மணமாகாத வாழ்க்கையைக் காரணம் காட்டி ஜெர்மானிய மிஷனரியான ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். ஆக, அந்தப் பெண்ணுக்குச் சபையின் கதவும் முதலில் மூடியேதான் இருந்தது. அந்த அதிகாரி இறந்த பின், 1778ஆம் ஆண்டில், பாளையங்கோட்டையில் அதே ஸ்வார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பட்டியலில் 40 பெயர்கள் இருந்தன. குளோரிந்தாவின் பெயரும் அவற்றில் ஒன்று. 1785இல் அவருடைய முயற்சியால் எழுந்த சிறிய கோயிலை மக்கள் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைத்தார்கள். இன்றும் அது நிற்கிறது. திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த அம்மையாரைத் தாண்டி ஓர் அடியும் போக முடியாது. மங்கல காரியத்துக்கு ஆகாதவர் என்று ஊர் ஒதுக்கிய ஒரு கைம்பெண்ணின் கையால் எழுந்த கோயிலின் வழிவந்த நாம், நம்முடைய கைம்பெண்களைப் பின்வரிசைக்கு நகர விடுவது நியாயமே இல்லை. அடுத்த முறை பூ வைக்க அழைத்தால், அருள்கூர்ந்து முன்னால் வாருங்கள்.

வேதாகமத்திலும் உங்கள் கேள்விக்கு மிக அருகில் நிற்கும் ஒரு பகுதி உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில், எருசலேம் சபையில் சீஷர்கள் பெருகிய நாட்களில், அன்றாட விசாரணையில், அதாவது ஏழைகளுக்கு நாள்தோறும் உதவி பகிர்வதில், தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள் முறையிடுகிறார்கள். சபை வளர்ந்த காரணத்தாலேயே சிலர் விடுபட்டுப் போகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இன்று நீங்கள் எழுதியிருப்பதும் அதே முறையீடுதான். அப்போஸ்தலர்கள் அதை முறுமுறுப்பு என்று தள்ளிவிடாமல், அந்த வேலைக்கென்றே ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த எழுவருடைய பெயர்களும் கிரேக்கப் பெயர்களாகவே இருக்கின்றன. யாருடைய விதவைகள் விடுபட்டார்களோ, அவர்களுடைய பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்து அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அந்த எழுவரில் ஒருவரான ஸ்தேவான்தான் பின்னர் சபையின் முதல் இரத்தசாட்சியானார்.

நம்முடைய கிராமச் சேகரங்களில், அதாவது ஒரு குருவானவருடைய பொறுப்பில் உள்ள ஊர்ச் சபைகளில், இந்த விசாரணை வேலையை நெடுங்காலம் செய்துவந்தவர்கள் உபதேசியார்கள். ஒவ்வொரு சிற்றூருக்கும் ஓர் உபதேசியார் இருந்தார். எந்த வீட்டில் காய்ச்சல், எந்த வீட்டில் சண்டை, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். குருவானவர் சேகரத்தைச் சுற்றி வரும்போது அவரைக் கேட்டுத்தான் வீடுகளுக்குப் போவார். நகரத்தில் அந்த ஏற்பாடு இல்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்களை ஓரிரு குருவானவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது; கல்யாணம், அடக்கம், கமிட்டி, கட்டட வேலை என்று நாள் ஓடிவிடுகிறது. நகரத்துச் சபைகளில் பணிபுரிந்த காலத்தில் நான் கண்டது, வரிசைக்கு ஒருவரிடம் பொறுப்பைக் கொடுப்பதால் விளைந்த நன்மையை. பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஏறத்தாழ ஒரே இடத்தில் உட்காரும் பழக்கம் நம் மக்களுக்கு உண்டு. அந்த வரிசைகளில் வழக்கமாக உட்காருபவர் ஒருவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, புதிதாக வந்தவர் பெயரையும், வராமல் இருப்பவர் பெயரையும் எழுதி, செவ்வாய்க்கிழமைக்குள் அவர்களுடைய வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பாவது போகும்படி செய்தோம். நோட்டு வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் அதுவரை எந்தக் கமிட்டியிலும் இல்லாத பெண்கள். பிரசங்கத்தால் எங்களுக்குக் கிடைக்காத பலருடைய மனத்தை அந்த நோட்டுகள் கொண்டுவந்து சேர்த்தன.

ஒன்றுமட்டும் சேர்த்துச் சொல்லி முடிக்கிறேன். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னை கதீட்ரலில் தொடங்கிய பின், அதற்கென அமைக்கப்பட்ட திருவிருந்து ஆராதனையில், சமாதானத்தைக் கைவழியாகப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தைக் கேரளத்துச் சிரியன் சபைகளிடமிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுபவருடைய வலது உள்ளங்கையோடு சேர்க்க, இருவரும் தத்தம் இடது கையால் மற்றவருடைய வலது கையை மூடிக்கொள்ள வேண்டும். பலிபீடத்தில் தொடங்கி, கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசைவரை அது வந்து சேரும். பல சபைகளில் இப்போது நின்ற இடத்திலேயே கும்பிட்டுவிட்டு அமர்ந்துவிடுகிறோம். முன்வரிசைப் பெரியவருடைய கையிலிருந்து புறப்பட்ட சமாதானம், முதல்முறை வந்து கதவருகில் நிற்பவருடைய கையில் போய் முடிந்தே ஆகவேண்டும் என்பதற்காக ஏற்பட்ட ஒழுங்கு அது. அடுத்த திருவிருந்து ஞாயிறன்று உங்கள் பக்கத்தில் நிற்பவருக்கு நீங்களே அப்படிக் கை கொடுங்கள். கொடுக்கும்போது உங்கள் பெயரையும் சொல்லுங்கள்.

பதில்: அன்பியத் தொண்டர்

நான் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்தவன். உங்கள் பக்கத்தில் சபை என்பதை நாங்கள் பங்கு என்போம். குருவானவர் ஐயா சொன்ன வரிசை நோட்டைப் படித்ததும், எங்கள் பக்கத்து அனுபவத்தையும் சொல்லலாம் என்று தோன்றியது.

தமிழ்நாட்டு மறைமாவட்டங்களில் பங்குகளை அன்பியங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அருகருகே வாழும் இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்தது ஓர் அன்பியம். ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதருடைய பெயர் இருக்கும். முறைவைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் கூடுவோம். பல இடங்களில் விவிலியத்தை ஏழு படிகளில் பகிர்கிறார்கள். ஆண்டவரை அழைப்பது, பகுதியை வாசிப்பது, மனத்தைத் தொட்ட சொல்லை ஒவ்வொருவரும் திரும்பச் சொல்வது, சற்று நேரம் மௌனமாக இருப்பது, உள்ளத்தில் பட்டதைப் பகிர்வது, செய்ய வேண்டிய பணியைப் பேசுவது, இறுதியில் செபிப்பது என்று அது போகும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் மூன்றாம் படியில் ஒரு சொல்லைச் சொல்லிவிடலாம் என்பதால், வாய் திறக்காமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

ஆறாம் படியைத்தான் நான் மிக உயர்வாக மதிக்கிறேன். எங்கள் தெருவில் ஒருமுறை அந்தப் படி வந்தபோது, மூன்றாம் மாடி அம்மாவுக்கு முழங்கால் அறுவை முடிந்திருக்கிறது, தனியாக இருக்கிறார் என்று ஒரு சிறுமி சொன்னாள். அந்த அம்மா எங்கள் பங்கைச் சேர்ந்தவரும் இல்லை, கிறிஸ்தவரும் இல்லை. காலைச் சாப்பாடு யார், இரவுச் சாப்பாடு யார், மருந்துக் கடைக்குப் போவது யார் என்று அங்கேயே பேசி முடித்தோம். அந்த வேலையில் இறங்கிய ஒருவர், மனைவியைப் பிரிந்து, குடிப்பழக்கத்தில் சிக்கி, திருப்பலிக்கு வருவதையே விட்டிருந்தவர். அவரை நாங்கள் பூசைக்கு வாருங்கள் என்று எத்தனையோ தடவை அழைத்திருக்கிறோம், வரவில்லை. மருந்து வாங்கி வர இரவு நேரத்தில் வண்டி ஓட்ட ஆள் வேண்டும் என்றதும் வந்தார். வண்டி ஓட்ட வேண்டிய நாட்களில் அவர் குடிக்கவில்லை. அந்த நாட்கள் மெல்ல மெல்லப் பெருகின. இடையில் விழுந்தார், எழுந்தார். குடிநோயாளிகளுக்கான கூட்டத்துக்கும் எங்களில் ஒருவர் துணைக்குப் போனார். மனைவியோடு இன்னும் சேரவில்லை. ஆனால் ஈஸ்டர் திருவிழிப்பில் பாஸ்காத் திரிக்கு அருகே நின்று வாசகம் வாசித்தார். மறுவாழ்வு என்பதை நான் அப்படித்தான் நேரில் பார்த்தேன்.

ஆசிரியை அம்மா, உங்கள் சபையிலும் பகுதி ஜெபக்குழு என்று இதைப் போன்ற ஒன்று இருக்கும். அது உங்கள் அடுக்ககத்துக்கு இன்னும் வரவில்லை என்றால், உங்கள் வீட்டிலேயே ஒரு மாலை கூட அழையுங்கள். இரண்டு பேர் வந்தாலும் போதும்.

பதில்: செங்கல்பட்டு வாசகர்

ஆசிரியை அம்மாவின் கடிதத்தில் இருக்கும் ஏக்கம் எனக்குப் புரிகிறது, அதை மதிக்கிறேன். ஆனால் இந்தப் பேச்சில் விடுபட்ட ஒன்றை நான் சொல்லியாக வேண்டும்.

நான் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் ஊரிலும் துக்க மணி அடிக்கும். ஆனால் எங்கள் சாவுக்கு வேறு கல்லறைத் தோட்டம். வடக்கன்குளத்துக் கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அதற்கும் வெகு காலம் முன்னதாக, 1833இல், கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சாவூரிலும் சென்னையிலும் ஒரு பகுதியினர் திருவிருந்தில் ஒன்றாக இருப்பதைவிடச் சபையைவிட்டுப் போவதே மேல் என்று வெளியேறினார்கள். இவை பழங்கதைகள் என்று சொல்லிவிட முடியாதபடி, தனிக் கல்லறைகள் பல ஊர்களில் இன்றும் இருக்கின்றன. கிராமத்துச் சபையின் நெருக்கம் என்று நாம் நினைத்து ஏங்கும் ஒன்று, அந்த நெருக்கத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு வேறு விதமாக நினைவிருக்கிறது.

நான் சென்னைக்கு வந்த புதிதில் பெரிய கோயிலில் யாரும் என்னைக் கவனிக்காமல் இருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு ஒருவர் அன்போடு வந்து கைகுலுக்கி, எந்த ஊர், யாருடைய மகன், எந்தத் தெரு என்று கேட்டார். அவர் மனத்தில் கள்ளம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் என் தொண்டை அடைத்துக்கொண்டது. அடுத்த வாரம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஆசிரியை அம்மா யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருக்கும் அதே கேள்வி, என்னைப் போன்ற ஒருவனை வாசலிலிருந்து திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆகவே புதியவர்களை வரவேற்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது: ஊரைக் கேட்காதீர்கள், பெயரைக் கேளுங்கள், எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள், பாடுவீர்களா, வாசிப்பீர்களா, பிள்ளைகளோடு விளையாடுவீர்களா என்று கேளுங்கள். பூர்வீகத்தை அவர்களே சொல்ல விரும்பும் நாளில் சொல்வார்கள்.

எனக்கு ஒரு சபை சொந்தமானது எப்படி என்றால், வேறொரு சிறிய சபையில் குருவானவர் என்னிடம் எதையும் விசாரிக்காமல், அடுத்த ஞாயிறு பழைய ஏற்பாட்டுப் பாடத்தை நீங்கள் வாசியுங்கள் என்று சீட்டைக் கையில் கொடுத்தார். வாசித்தேன். சில மாதங்களில், திருவிருந்தில் பாத்திரம் ஏந்தி உதவ என் மனைவியை அழைத்தார்கள். அந்தப் பாத்திரத்திலிருந்து சபையார் அத்தனை பேரும், யார் எந்தத் தெருவோ, வரிசையாக வந்து பருகிப் போனதை நான் கடைசி வரிசையில் நின்று பார்த்தேன். என் தாத்தாவுக்குக் கிடைக்காத காட்சி அது. என் பிள்ளைகளை நான் தைரியமாக அந்தச் சபைக்கு அனுப்புகிறேன்.

தேரிக்காட்டு ஆசிரியை

செங்கல்பட்டுத் தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு மூன்று முறை படித்தேன். எங்கள் ஊரிலும் கல்லறைத் தோட்டங்கள் இரண்டு. அசனத்தில் ஒரே பந்தி என்று நான் எழுதியது உண்மை; ஆனால் சமைக்கிற இடத்துக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று ஒரு பேசாத ஒழுங்கும் இருந்தது. அதை மாற்ற எங்கள் குருவானவர் ஒருவர் பாடுபட்டு, சமையலுக்கு முறைவைத்த பிறகுதான் அது மாறியது. பிள்ளைகளிடம் நான் ஊரையோ தகப்பன் பெயரையோ கேட்கமாட்டேன். ஓய்வுநாள் பள்ளி நடத்தும் தங்கையிடம் பேசிவிட்டேன். சங்கீதங்களிலிருந்து தொடங்கலாம் என்றார். குருவானவர் ஐயாவுக்கும் அன்பியத் தம்பிக்கும் என் வணக்கங்கள். எங்கள் அடுக்ககத்தில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று யாராவது சொல்லுங்கள்.

பதில்: சேகரச் செயலர், கோயம்புத்தூர்

அம்மா, அலுவலக வழியாகச் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் ஊர்ச் சேகரத்துக் குருவானவரிடம், நீங்கள் அந்தச் சபையின் அங்கத்தினர் என்றும், ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவர் என்றும், புதிய இடத்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறீர்கள் என்றும் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். அதை இங்கே சேகர அலுவலகத்தில் கொடுத்து அங்கத்தினர் பதிவேட்டில் பெயரைச் சேருங்கள். பலர் வருடக்கணக்கில் வந்தும் இதைச் செய்வதில்லை. பதிவேட்டில் பெயர் இல்லாததால் அவர்களுக்கு நோய் என்றாலும் துக்கம் என்றாலும் அலுவலகத்துக்குத் தெரிய வழியில்லாமல் போகிறது. சபை அங்கத்தினருக்கான சந்தாவையும் அப்போதே கட்டத் தொடங்குங்கள். சபைத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெரும்பாலும் இந்தப் பதிவையும் சந்தாவையும் பொறுத்தே அமைகிறது. வயதான பெண்கள் அந்த வாக்கை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அலுவலகத்தில் இருக்கும்போதே, உங்கள் முகவரியைச் சொல்லி, அந்தப் பகுதிக் குழுவின் பொறுப்பாளர் யார் என்று கேளுங்கள். எந்தெந்த வீட்டில் சபையார் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். மற்றவர்களுடைய எண்களை உங்களிடம் கொடுக்கத் தயங்கினால், அது சரிதான். உங்கள் எண்ணை அவரிடம் கொடுத்து, அவர்களைப் பேசச் சொல்லுங்கள். குருவானவரையும் ஒரு வார நாள் மாலையில் வீட்டுக்கு ஜெபிக்க அழையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கேட்டால் மறந்துவிட வாய்ப்பு உண்டு. செவ்வாய் அல்லது புதன் காலையில் தொலைபேசியில் கேட்டால், வருகிற நாளை அப்போதே குறித்துக்கொள்வார். அவர் வரும் மாலையில், பகுதிப் பொறுப்பாளரையும் உடன் அழைத்து வரச் சொல்லுங்கள்.